மஞ்சள் துணியால் நான் கட்டிய கைகள்

அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் சின்னஞ்சிறு சங்கத்தின் பெரிய பெரிய சண்டைகளையும் புன்னகையோடு தாங்கிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், உயர்திரு தம்பிராசா ஐயா அவர்களே! இந்த மடத்து மண்டபத்தை மனமுவந்து எங்களுக்குத் திறந்துவிட்ட ஆலய தர்மகர்த்தா சபைப் பெரியோர்களே! எங்கள் பொருளாளர் யோகலிங்கம் ஐயா அவர்களே! சாம்பல்தீவிலிருந்து சோதனைச்சாவடிதோறும் இறங்கி ஏறி வந்திருக்கும் அன்னையரே! மூதூரிலிருந்து லோஞ்சுப் படகிலே அலைக்கும் அஞ்சாமல் வெயிலுக்கும் அஞ்சாமல் வந்திருக்கும் உம்மாமாரே! முன்வரிசையில் வீற்றிருக்கும், என் பேச்சில் ஒரு சொல்லும் காதில் விழாத, ஆனால் இந்தப் பேச்சுக்கே காரணமான மூன்று கண்மணிகளே!

வணக்கம் மட்டும் இப்போது சொல்ல மாட்டேன். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மறந்துபோய் அல்ல, மரியாதை அறியாமலும் அல்ல. ஏன் என்பது அந்த இடம் வரும்போது விளங்கும்.

அவையோரே! நம் முன்னே இன்று ஒரு தீர்மானம் கிடக்கிறது. காது கேளாத நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இந்த மடத்தின் பின்னறையில் பாய் விரித்துப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இருக்க வாங்குப்பலகையும் எழுத மேசையும் வாங்கித் தந்து, ஓர் ஆசிரியைக்கு மாதச் சம்பளமும் கொடுக்கக் கொழும்பிலே ஒரு தனவந்தர் முன்வந்திருக்கிறார். நல்ல மனிதர். நல்ல மனம். ஆனால் ஒரு நிபந்தனை. வகுப்புக்குள்ளே பிள்ளைகள் கையால் பேசக்கூடாது. வாயால் மட்டுமே பேசப் பழக வேண்டும். பழகும்வரை, பாட நேரத்தில் அவர்களுடைய கைகளைப் பின்னால் கட்டிவிட வேண்டும்.

கட்டிவிட வேண்டும்! செயலாளர் அவருடைய கடிதத்தை வாசித்தபோது இந்த மண்டபத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. நான் திடுக்கிட்டேன். ஏனென்றால், பெற்ற பிள்ளையின் கையைத் தானே கட்டிய தாய் ஒருத்தி இந்த மண்டபத்திலே இருக்கிறாள். வேறெங்கும் தேடாதீர்கள். ஒலிவாங்கிக்கு முன்னால்தான் நிற்கிறாள்.

நான் இன்று இலக்கணம் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பாதகமில்லை. எட்டாம் வகுப்போடு குசினி அடுப்புக்குப் போனவளுக்கு எழுவாய் ஏது, பயனிலை ஏது? நானும் அப்படித்தான் நினைத்தேன். இலக்கணம் என்பது புத்தகத்தில் பிறந்தது, பண்டிதர் பிரம்பில் வளர்ந்தது, பரீட்சையோடு இறந்தது என்றுதான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு கிணற்றடியிலே உடைந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம். எங்கள் தெரு எரிந்தது. உடுத்த உடையோடு ஓடினோம். ஒரு பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆனது. தெற்குக் கட்டிடத்தில் நாங்கள். வடக்குக் கட்டிடத்தில் மூதூரிலிருந்து ஓடிவந்த முஸ்லிம் குடும்பங்கள் சில. நடுவிலே ஒரு மைதானம். அந்த நாள்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் பேசியது ஒரே தமிழ். ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

என் மகள் சுகந்தினிக்கு அப்போது வயது ஏழு. பிறவியிலேயே காது கேளாது. மூன்றாம் நாள் பார்க்கிறேன், மைதானத்தைக் கடந்து போய்விட்டாள். அங்கே அவளையொத்த ஒரு பிள்ளை. இருவரும் எதிரெதிரே இருந்து கையை ஆட்டுகிறார்கள், கண்ணை உருட்டுகிறார்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவ திரும்பிப் பார்த்தா. அவதான், நான் இன்று அக்காவாய்க் கொண்டாடும் நஜ்முன் நிஸா ராத்தா. அதோ, மூன்றாம் வரிசையில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கிறா!

"உங்கட மகளுக்கும் காது கேக்காதா தங்கச்சி?"

"ஓம்."

"எண்ட ரபீக்காவுக்கும்தான். பாருங்க, வந்து மூணு நாள் ஆகல்ல, ரெண்டு பேரும் சேந்து என்னைப் பத்திக் கதைச்சுச் சிரிக்கிறாளுவள்."

"உங்களைப் பற்றித்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் நடக்கிற மாதிரியே நடந்து காட்டுறாளே, கள்ளி!"

அந்தச் சிரிப்பில்தான் மைதானத்தின் நடுக்கோடு முதல் தடவையாக அழிந்தது. மொழி இருந்த பெரியவர்களுக்குள் பேச்சு இல்லை. மொழியே இல்லாத பிள்ளைகளுக்குள் பேச்சு ஓயவில்லை. மாத முடிவில் கிளிவெட்டியிலிருந்து வந்த நான்கு வயது வதனாவும் அவர்களோடு சேர்ந்தாள். அவளுக்கும் காது கேளாது. மூன்று பிள்ளைகள், ஆறு கைகள், ஓயாத ஆட்டம்.

எனக்கோ வெட்கம். ஊரார் பார்க்கிறார்களே, பிள்ளைக்குப் பேய் பிடித்தது என்பார்களே என்ற வெட்கம். அந்த நேரம் முகாமுக்கு மருந்து கொண்டு வந்த பரியாரியார் ஒருவர் சொன்னார்: "பிள்ளை கையை ஆட்ட ஆட்ட நாக்கு மரத்துப்போகும் தங்கச்சி. ஒரு மண்டலத்துக்குக் கையை அடக்கிப் பாருங்கோ. நாக்கு தன்ரபாட்டில எழும்பும்."

நம்பினேன். தாய்மாரே, நம்பினேன்! அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். மஞ்சள் தோய்த்த துணியில் காசு முடிந்து வைப்பதுதானே நம் வழக்கம்? நான் அந்தத் துணியில் என் பிள்ளையின் மணிக்கட்டுகளை முடிந்தேன். அவள் குழந்தையாய் இருந்தபோது இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணைப் பத்தரிடம் கொடுத்து உருக்கி, ஒரு நாக்கு உருவம் செய்வித்தேன். நாற்பத்தெட்டாம் நாள் கட்டை அவிழ்ப்பேன், அவள் "அம்மா" என்பாள், அம்மனுக்கு வெள்ளி நாக்கைச் சாத்துவேன். இதுதான் என் கணக்கு. சாப்பாடு நான் தீத்தினேன், முகம் நான் கழுவினேன், கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அவள் அழவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள், நடுப்பகல். சமையல் கொட்டிலில் பருப்புக் கொதிக்கிறது, அகப்பை என் கையில். சுகந்தினி ஓடிவந்து தலையால் என் வயிற்றில் முட்டினாள்.

"என்னடி? பசிக்குதோ? பொறு, இறக்கித் தாறன்."

மறுபடி முட்டினாள். கட்டிய கைகளை என் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"அவிழ்க்க ஏலாது. நேர்த்தியடி. இன்னும் முப்பத்தேழு நாள் கிடக்கு."

காது கேளாத பிள்ளைக்கு நான் இதை வாயால் சொல்கிறேன், பாருங்கள் என் புத்தியை! அவள் காலால் நிலத்தை உதைத்தாள். நான் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் திரும்பி ஓடினாள், மைதானத்தைக் குறுக்கறுத்து.

பின்பு நடந்ததை நிஸா ராத்தா கண்ணால் கண்டு எனக்குச் சொன்னா. ரபீக்கா தன் வாப்பா, நாங்கள் அண்ணன் முறையில் அழைக்கும் ஜெமீல் காக்காவின் அருகில் இருந்து, கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தாளாம். அவர் மீன்பிடிகாரர். வீட்டை விட்டு வந்தும் வலையை விடாமல் தூக்கி வந்தவர். ரபீக்கா முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாளாம். சுகந்தினியின் கைகள் பறந்தன. ஐந்து மூச்சு விடும் நேரம், அவ்வளவுதான். ரபீக்கா எழுந்து ஓடினாள். எங்கே ஓடினாள்? வலைச்சாமான் குவிந்துகிடந்த மூலைக்கு ஓடினாள். நங்கூரக் கயிற்றைத் தூக்கித் தோளில் போட்டாள். வாப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன புள்ள இது? கடல் எங்க கிடக்கு, நீ கயித்தத் தூக்குறா?"

அவள் விடவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்னாலே, ஒருவரும் போகாத பழைய கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எட்டிப் பார்த்தால், உள்ளே வதனா! கழுத்தளவு தண்ணீரில், ஒரு படிக்கல்லைக் கட்டிப்பிடித்தபடி. வாளிக்கயிறு அறுந்து தண்ணீரில் மிதக்கிறது. ஜெமீல் காக்கா கயிற்றைப் பூவரச மரத்தில் கட்டி இறங்கினார். பிள்ளையைத் தோளில் போட்டு ஏறினார்.

கூக்குரல் கேட்டு முகாமே கூடியது. அகப்பையோடு நானும் ஓடினேன். வதனாவின் தாய் மண்ணில் விழுந்து கதறுகிறாள். ஜெமீல் காக்கா நனைந்த உடம்போடு நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"எண்ட மகள் இந்தப் பக்கம் வரவே இல்ல. காலையில இருந்து எனக்குப் பக்கத்திலதான் இருந்தாள். கயிறு வேணுமெண்டு இவளுக்கு ஆர் சொன்னது?"

கூடிநின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து மறுபடி கேட்டார்.

"ஆர் சொன்னது?"

முகாமின் கண்கள் அத்தனையும் மெல்லத் திரும்பின. என் மகளின் மணிக்கட்டில் மஞ்சள் வடு. கையிலே இன்னும் தொங்குகிறது நான் கட்டிய துணி.

அவையோரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படியில் நான் கேட்க மறுத்தது பசியையா? அழுகையையா? இல்லை! "சின்னவள் பின்கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். வாளிக்கயிறு அறுந்துவிட்டது. உன் வாப்பாவின் கயிற்றைக் கொண்டு வா." இத்தனையும் ஐந்து மூச்சிலே! காணாத பிள்ளைக்கு, காணாத இடத்தை, காணாத ஆபத்தை, கண்டது போலக் காட்டியிருக்கிறாள். யார் கற்றுக்கொடுத்தார்கள்? நானா? எனக்கே தெரியாது. பள்ளிக்கூடமா? அவளைச் சேர்க்கவே மாட்டோம் என்றார்கள். பின் யார்?

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். வீட்டுச் செலவு எழுதுகிற பழக்கத்தில், திகதி போட்டு, பிள்ளைகளின் சைகைகளை எழுதத் தொடங்கினேன். ஆவணி முடிவில் நாற்பத்தொன்று. மாசியில் இருநூற்றைத் தாண்டிவிட்டது. தொகை எனக்கு அதிசயமில்லை. அதிசயம் ஒழுங்கில் இருந்தது! முதலில் ஆள், பிறகு இடம், பிறகு செயல். வரிசை மாறவில்லை. இல்லாத ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காற்றிலே ஓரிடத்தில் அந்த ஆளை நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்த வெறும் இடத்தைச் சுட்டினால் அது "அவள்"!

இன்னும் கேளுங்கள். சுகந்தினியும் ரபீக்காவும் உடம்பெல்லாம் ஆட்டி நடித்துக் காட்டியதை, நான்கு வயது வதனா இரண்டு விரலால் சுருக்கினாள். அந்த மூத்தவர்களுக்கு வரிசை தவறினால் முகத்தைச் சுளித்துத் திருத்தினாள்! கிணற்றிலிருந்து மீண்ட குழந்தை, தன்னை மீட்ட மொழிக்கே வாத்தியாராகி நின்றாள். நான் வாயில் கைவைத்து இருந்துவிட்டேன்.

நகரம் கொஞ்சம் அமைதிப்பட்டதும் நூலகத்துக்குப் போனேன். விளங்காத ஆங்கிலத்தை என் கணவர் அகராதி பார்த்துச் சொன்னார். படிக்கப் படிக்க அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. காது கேளாத பிள்ளைகள் ஒன்றுசேர்ந்த இடங்களில், ஒருவரும் கற்பிக்காமலே கைமொழி பிறந்திருக்கிறதாம், கடல்களுக்கு அப்பால் உள்ள நாடுகளில்கூட. இலக்கணத்துக்கு வேண்டிய வித்து மனிதப் பிள்ளையின் உடம்போடு பிறக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர் பலர். அப்படியல்ல, பழகிப் பழகி வருவது என்று மறுப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் இன்னும் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பொறுங்கள்... பொறுங்கள். பயப்படாதீர்கள். அது துறைமுகத்துக்குப் போகிற ஹெலிகொப்டர். போய்விட்டது. எழும்புங்கள், அம்மா.

பார்த்தீர்களா? நாம் எல்லோரும் குனிந்தோம். முன்வரிசையில் இந்த மூன்று பேரும் குனியவில்லை. இப்போது வதனா ரபீக்காவிடம் ஏதோ கேட்கிறாள், பாருங்கள். அவள் கையைச் சுழற்றி மேலே காட்டிப் பதில் சொல்கிறாள். என்ன கேட்டாள் தெரியுமா? "இந்தச் சனம் எல்லாம் ஏன் திடீரென்று கும்பிட்டது?" என்று கேட்டிருக்கிறாள்!

நல்லது, சிரித்துவிட்டீர்கள். இனிக் கேட்பீர்கள்.

தாய்மாரே! கோணேசர் மலையில் குரங்குகளைக் கண்டிருப்பீர்கள். ஆபிரிக்காவில் ஒரு வகைக் குரங்கு பாம்பைக் கண்டால் ஒரு கூச்சல், கழுகைக் கண்டால் வேறு கூச்சல் போடுமாம். அறிவுதான். ஆனால் "நேற்று வந்த பாம்பு இன்று வரவில்லை" என்று ஒரு குரங்கு இன்னொரு குரங்குக்குச் சொன்னதாக எவரும் எழுதவில்லை. மனிதக் குரங்குகளுக்கு ஆண்டுக்கணக்காகச் சைகை பழக்கிப் பார்த்தார்கள். பழம் கேட்டன. தண்ணீர் கேட்டன. கிணற்றுக்குள் கிடப்பவளின் கதையை, காணாத ஒருத்திக்குக் கோத்துச் சொல்லும் அளவுக்கு அவை வந்ததாக நான் படித்ததில் இல்லை.

நம் தொண்டையைப் பாருங்கள். பச்சைக் குழந்தை பால் குடித்தபடியே மூச்சும் விடுகிறது. நம்மால் முடியுமா? முடியாது. குழந்தை வளர வளரக் குரல்வளை கீழே இறங்குகிறது. அதனால் விதம்விதமாக ஒலிக்க முடிகிறது. அதனாலேயே சோறு புரைக்கேறுகிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக, மூச்சடைக்கும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு இந்த உடம்பு பேச்சுக்காகத் தன்னை வளைத்திருக்கிறது என்கிறார்கள். அடுத்த முறை பிள்ளைக்குப் புரைக்கேறித் தலையில் தட்டும்போது இதை நினையுங்கள்.

என்ன யோகலிங்கம் ஐயா, ஏதோ சொல்கிறீர்கள்?

"அப்ப பேச்சுக்குத்தானே தொண்டை? கையை ஆட விட்டால் வாய் எப்ப திறக்கிறது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. பொருளாளர் கேள்வி. பதில் என் வீட்டிலேயே இருக்கிறது, ஐயா. என் மாமனாருக்குப் பாரிசவாதம் வந்ததே, ஞாபகமா? நீங்களும் பார்க்க வந்தீர்கள். நாக்கு நன்றாக அசைந்தது. ஆனால் "தேத்தண்ணி... கதிரை... மகன்..." என்று ஒவ்வொரு சொல்லாய் உதிர்த்தார். கோக்க முடியவில்லை. தேவாரம் மட்டும் இசையோடு பிசகாமல் பாடினார்! வைத்தியர் சொன்னார், மூளையின் இடப்பக்கம் பழுதாகிவிட்டது, சொல்லைக் கோக்கும் வேலையில் பெரும்பங்கு அங்கேதான் என்று.

இப்போது அடுத்ததைக் கேளுங்கள். இதைப் படித்த இரவு நான் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். கையால் பேசுகிற, காது கேளாத மனிதர்களுக்கும் அதே இடப்பக்கம் பழுதானால், கை நன்றாக இருந்தும் கைப்பேச்சுக் குழம்பிப்போகிறதாம்! வாய் பேசினாலும் அங்கே இருந்துதான். கை பேசினாலும் அங்கே இருந்துதான். அப்படியென்றால் மொழியின் வீடு நாக்கா? அல்ல! நாக்கு ஒரு வாசல். கை இன்னொரு வாசல். ஒரு வாசல் திறக்கவில்லை என்று மற்ற வாசலையும் அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் பிள்ளை என்ன செய்வாள்? கிணற்றுக்குள் இருப்பவளை யார் எடுப்பார்?

வாய்ப்பேச்சுப் பழக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழக்கட்டும். உதட்டைப் படிக்கட்டும். அந்த ஆசிரியை வந்தால் வாசலில் நின்று நானே வரவேற்பேன். கட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"கடவுள் தந்ததா, குரங்கிலிருந்து வந்ததா? உன் சாமியறையை என்ன செய்யப்போகிறாய்?" என்று என் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். என் சாமியறை அப்படியேதான் இருக்கிறது. முன்பு நான் கும்பிட்ட அம்மன் ஒரு நாளில் உலகைப் படைத்தவள். இப்போது நான் கும்பிடுகிறவள் எண்ணிலடங்கா ஆண்டுகள் பொறுத்திருந்து ஒரு குழந்தையின் விரலுக்குள் இலக்கணத்தை வைத்தவள். என் விளக்கில் திரி குறையவில்லை, எண்ணெய்தான் கூடியிருக்கிறது.

ஆனால் ஒரு நேர்த்தி பாக்கி இருந்தது. நாற்பத்தெட்டு நாள் முடியவில்லை, நாக்கு எழும்பவில்லை. அந்த வெள்ளி நாக்கு ஆறு ஆண்டுகள் என் அலுமாரியில் கிடந்தது. திறக்கும்போதெல்லாம் என்னைச் சுட்டது. நான் அம்மனிடம் நாக்கைக் கேட்டேன். அவள் அதற்கு முன்பே கையைத் தந்திருந்தாள். தந்ததை நான் அவள் பெயராலேயே கட்டினேன்! இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒரு பக்தைக்கு உண்டா?

போன கிழமை அதே பத்தரிடம் போனேன். அந்த நாக்கை உருக்கச் சொன்னேன். இதோ, பாருங்கள். பின்வரிசைக்கும் தெரிகிறதா? இரண்டு சின்னக் கைகள். வெள்ளிக் கைகள். விரல்கள் விரிந்திருக்கின்றன. "கும்பிட்ட கையாச் செய்யட்டோ?" என்று பத்தர் கேட்டார். "வேண்டாம், கதைக்கிற கையாச் செய்யுங்கோ" என்றேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் இவற்றை அம்மனுக்குச் சாத்தப்போகிறேன். நிஸா ராத்தா கோவில் வாசல்வரை வருவதாகச் சொல்லியிருக்கிறா, லோஞ்சுக்கு நேரம் இருந்தால்.

அவையோரே! வாக்கெடுப்புக்கு நேரமாகிவிட்டது. நம் சங்கத்து விதி என்ன? தலைவர் கேட்பார், "நிபந்தனையை ஏற்பவர்கள் யார்?" அப்போது ஒருவரும் வாய் திறக்க மாட்டீர்கள். கையை உயர்த்துவீர்கள். "மறுப்பவர்கள் யார்?" அப்போதும் கையைத்தான் உயர்த்துவீர்கள். உங்கள் வாழ்வின் பெரிய முடிவுகளைச் சொல்ல உங்களுக்கே கை வேண்டியிருக்கிறது! அந்தப் பிள்ளைகளின் கையைக் கட்டச் சொல்லி ஒரு கை உயருமானால், உயர்த்தும் முன்னே முன்வரிசையைப் பாருங்கள். அவர்கள் ஒவ்வொரு கையையும் வாசிப்பார்கள். நீங்கள் சொல்வது என்னவென்று இந்த மண்டபத்தில் எவரையும்விட அவர்களுக்கு நன்றாக விளங்கும்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கு நன்றி. குறுக்கே கேட்ட பொருளாளருக்கு இன்னும் கூடுதல் நன்றி. அடுப்பை அணைத்துவிட்டு வந்த அன்னையருக்கும், அலைகடந்து வந்த உம்மாமாருக்கும், கயிற்றோடு கிணற்றில் இறங்கிய ஜெமீல் காக்காவுக்கும் நன்றி. கடைசிக்கு வைத்திருந்த வணக்கத்தை இப்போது தருகிறேன். ஒலிவாங்கியை விட்டு விலகி நின்று, வாய் திறவாமல், இந்த இரண்டு கைகளாலும்.

முன்வரிசைக்கு முதலில்.